‘சபையோம்’ என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள்?

உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் முன் நின்று, சோழர் காலத் தேர்தல் விதிகளைச் சொல்லும் அந்தக் கல்வெட்டை முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த நாள் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. அச்சிட்ட பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சுவரில் தேடினேன். இடையிடையே கிரந்த எழுத்து குறுக்கிட்டது. வெயில் சாய்ந்த பிறகுதான் வெட்டின் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தெளிந்தது. ‘உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்து சபையோம்’ என்ற இடத்தை விரல் தொட்டபோது உடம்பு சிலிர்த்தது. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முன்னால் வருகின்றன. ஆனால் பேசுவது அரசன் இல்லை. ஊர் பேசுகிறது. ‘ஓம்’ என்ற அந்த ஒரு விகுதியில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கூட்டம் ‘நாங்கள்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது.

தேர்தல் வந்தாலே இந்தக் கல்வெட்டின் படத்தைப் போட்டு ‘உலகுக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தோம்’ என்று பகிர்கிறோம். அந்தப் பெருமிதத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பகிர்கிறவர்களில் எத்தனை பேர் அதைக் கடைசி வரி வரை படித்திருக்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பெருமைப்பட வேண்டிய இடத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். சோழ அரசன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் இன்றைய வார்டு போல. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். சிறியவர் முதல் முதியவர் வரை சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் பூசகர்களான நம்பிமாரில் ஒருவர் எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்றே அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு ஓர் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து, நடுநிலையாளனான மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். அந்த ஓலையை எப்படி வாங்க வேண்டும் என்றுகூட விதி இருக்கிறது: ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். வேறு ஓலையை விரலிடுக்கில் ஒளித்து வைத்து மாற்றிவிடக் கூடாது அல்லவா! மனிதர்கள் எங்கே ஏமாற்றுவார்கள் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது. அப்புறம் மத்தியஸ்தன் வாசிக்க வேண்டும். அவன் வாசித்த பின் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

இதையும்விட என்னைக் கட்டிப்போட்ட விதி வேறு. இப்படித் தேர்ந்தவர்கள் அமரும் ஊர்க் குழுவுக்கு வாரியம் என்று பெயர். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மறுபடி இடமில்லை. அவனுக்கு மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களுக்கும், அத்தை மாமன் மக்களுக்கும் இடமில்லை. பதவி ஓர் ஆளுக்கு 360 நாள்தான். முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவனும் கூடாது. ஏரி வாரியத்தில் 6 பேர், தோட்ட வாரியத்தில் 12 பேர் என்று பொறுப்பு பிரித்திருக்கிறார்கள். ஏரியைக் கவனிக்க என்றே ஒரு வாரியம் இருந்த ஊர் அது. இன்று ஏரிக்குள் வீட்டுமனை போடுகிற நாம் அந்த வரியின் முன் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும்.

ஆனால் அதே சுவர்தான் இதையும் சொல்கிறது. ஓலையில் பெயர் ஏற வேண்டும் என்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். வேதத்தின் பகுதிகளான மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) ஓதிப் பிறருக்கு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும். சதுர்வேதிமங்கலம் என்பது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். ஆகவே ‘சபையோம்’ என்பது அந்த ஊரில் நிலமுடைய பிராமண ஆண்களின் ‘ஓம்’. நாற்று நட்டவள் அதில் இல்லை. மடை திறந்தவனும் இல்லை. விதிகளை வகுத்தபோது அரசனின் ஆணையோடு தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரி கூடவே இருந்தார் என்பதையும் 919-ஆம் ஆண்டுக் கல்வெட்டே எழுதி வைத்திருக்கிறது. அரசனின் கை படாத தனிக் குடியரசு என்று சொல்வதற்கும் வழியில்லை.

சோழ நாடு முழுவதும் குடவோலை என்ற இந்தத் தேர்தல் முறை நடந்தது போலப் பேசுவதும் தவறு. வேளாண் குடிகளின் வெள்ளான்வகை ஊர்களில் ‘ஊரோம்’ இருந்தார்கள். வணிகர் ஊர்களில் ‘நகரத்தோம்’. பல ஊர்கள் சேர்ந்த இடத்தில் ‘நாட்டோம்’. ஒவ்வொரு ‘ஓம்’முக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதுதான் வரலாறு படிப்பது என்று நான் நம்புகிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வாருங்கள். ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டச் சொன்னான் ராஜராஜன். தன் கொடைக்கு அடுத்தபடியாக அக்கன் குந்தவையின் கொடையைச் சொன்ன அரசன் அவன். அதே கோயிலில், கொடையாக வந்த ஊர்களின் நிலக்கணக்கில் வரி விதிக்கப்படாத இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், பறைச்சேரி, கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றே பெயர் வருகிறது. பறையருக்குச் சுடுகாடும் தனியே குறிக்கப்படுகிறது. சேரிக்கு வரி இல்லை என்பதைச் சலுகையாகப் படித்துவிடக் கூடாது. விளைச்சல் தராத நிலத்துக்கு வரி இல்லை, அவ்வளவுதான். குளத்தையும் வாய்க்காலையும் சுடுகாட்டையும் எண்ணிய கணக்கன், உயிருள்ள மனிதர்களின் குடியிருப்பையும் அதே மூச்சில் எண்ணிக்கொண்டு போகிறான். முந்திரி, கீழ்முந்திரி என்ற மிகச் சிறு பின்னங்கள் வரை நிலத்தை அத்தனை நுணுக்கமாக அளந்தவர்கள், அந்தச் சேரியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதவில்லை.

பெயர் எழுதாத காலம் என்று சமாதானம் சொல்ல முடியாது. அதே கோயிலில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், அவளுக்குப் பங்கு எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி தென்சிறகின் தலைவீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கைக்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். சேரமங்கையின் கதவு எண் இன்றும் நமக்குத் தெரிகிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியும் கலக்கமும் சேர்ந்தே வருகின்றன. ஆயிரம் ஆண்டு தாண்டி ஒரு பெண்ணின் பெயர் நிற்பது எவ்வளவு அரிது! ஆனால் அவள் தன் ஊரை விட்டுத் தஞ்சைக்கு வர விரும்பினாளா என்பதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அவள் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, அந்தப் பணிக்கு அடுத்த உறவு வர வேண்டும் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு வருகிறேன். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது வழக்கம். ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள்; நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அவர்கள் கோயிலுக்கு அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாது, மூப்படையாது. ஆடு செத்தாலும் கணக்கில் சாகாது. நோய் வந்தாலும் மழை பொய்த்தாலும் 96 என்ற எண் குறையக் கூடாது. கொடுத்தவனுக்கு ஒரு நாள் தானம்; வாங்கியவனுக்குச் சந்திரன் சூரியன் உள்ளவரை கடமை. தஞ்சைக் கல்வெட்டுகள் அந்த இடையர்களின் பெயரையும் அவர்களுக்குப் பிணை நின்றவர்களின் பெயரையும் எழுதியிருக்கின்றன. அந்த வகையில் நல்லது.

‘வெட்டி வேலை’ என்று இன்று பயனற்ற வேலையைச் சொல்கிறோம். சோழர் கல்வெட்டில் வெட்டி என்பது கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய உழைப்பு. அந்த உழைப்பு இல்லாமல் ஒரு வாய்க்கால் தூர் வாரப்பட்டிருக்காது. ஊருக்கே சோறு போட்ட உழைப்பின் பெயர், நம் வாயில் ‘பயனற்றது’ என்ற பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை அறிந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிவதில்லை.

மூன்றாம் குலோத்துங்கன் காலம், 1201. கட்டடக் கலை செழித்த காலம் என்று பாடப்புத்தகம் சொல்லும். திரிபுவனம் கோயிலைக் கட்டியவன் அவன்தான். அந்த ஆண்டில் திருப்பாம்புரத்தில், காசுக்கு மூன்று நாழி நெல் என்று விலை ஏறிய பஞ்சத்தில், ஒரு வெள்ளாளர் தன் இரண்டு மகள்களோடு தன்னையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். விலை 110 காசு. இது சேரிவாசியின் கதை இல்லை. நிலத்தோடு சேர்ந்த குடியில் பிறந்தவருக்கே இந்த நிலை என்றால், கல்வெட்டே இல்லாதவர்கள் அந்தப் பஞ்சத்தில் என்ன ஆனார்கள்?

இதை எல்லாம் எழுதினால் ‘நம் பெருமையை நாமே கெடுக்கலாமா’ என்று கேட்கிறார்கள். குடும்பத்தில் எனக்கு மூத்தவர் ஒருவரே உண்மையான வருத்தத்தோடு கேட்டார். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். இவை எதுவும் பகைவர் எழுதிய அவதூறு இல்லை. சோழர்களே வெட்டி வைத்தவை. அவர்கள் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்? பொற்காலம் என்று கும்பிடுவதும், எல்லாமே கொடுங்கோல் என்று தள்ளுவதும், கல்லைப் படிக்காமலேயே செய்யக்கூடிய காரியங்கள். ஐந்து விரலை விரித்து ஓலை வாங்கச் சொன்ன அறிவையும், சேரியைச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் எழுதிய மனத்தையும் ஒரே சமூகம் வைத்திருந்தது. இரண்டும் நமக்கு வந்த சொத்துதான்.

அந்த ‘ஓம்’ அப்படியே உறைந்துபோய்விடவும் இல்லை. சோழர் ஆட்சி 1279-இல் முடிந்து ஒன்றரை நூற்றாண்டு கழித்து, விஜயநகர ஆட்சியில், 1429-இல் விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை ஆகிய ஊர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஊரையே கொளுத்தும் அளவுக்குத் தங்களுக்குள் மோதிக்கொண்ட வலங்கையாரும் இடங்கையாரும், வலங்கை தொண்ணூற்றெட்டுச் சாதிகளும் இடங்கை தொண்ணூற்றெட்டுச் சாதிகளுமாக ஒன்றுகூடி, அநியாய வரிக்கு எதிராகப் பேசுகிறார்கள். வரியை விளைச்சலைப் பார்த்துத்தான் தருவோம், இன்ன பயிருக்கு இவ்வளவு என்று அவர்களே வரையறுக்கிறார்கள். தங்களை வருத்தும் அரசு அதிகாரிகளுக்கும் நிலமுடையோருக்கும் யாரும் இடம் கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

அதோடு ஒன்று சேர்த்திருக்கிறார்கள். இந்த நாட்டில் பிறந்த எவரும் அந்த அதிகாரிகளுக்கும் நிலமுடையோருக்கும் கணக்கு எழுதக் கூடாது.