கோவையிலிருந்து கொழும்புக்கு ஒரு விமானம் இருந்தது

போன வாரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் டாக்சி ஸ்டாண்டுத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, ஊட்டிக்கு ஹெலிகாப்டர் விடப்போறாங்கன்னு மறுபடி பேச்சு ஓடுதே, வந்துட்டா நம்ம ஏர்போர்ட் டிராப் எல்லாம் போயிடுமா?" அவனுக்கு அங்கேயே நாலு வார்த்தை சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்தது. பிழைப்பு எப்படியும் ஓடும். மலையில் இருக்கிறவர்களுக்கு விமானம் என்றால் எது வேண்டும், எது வேண்டாம் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூட எங்களைக் கேட்டதில்லையே, அதுதான் உறுத்துகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு வருஷமாக மலையிலிருந்து கோவை விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அப்புறம் காரமடை, பெரியநாயக்கன்பாளையம், துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி என்று இன்னொரு 40 கிலோமீட்டர் அளவில் வரும். போனில் மேப்பைப் பார்த்தால் இரண்டு மணி, இரண்டேகால் மணி நேரம் என்று காட்டும். நான் மூன்றரை மணி நேரம் கணக்கு வைத்துத்தான் ஆளை ஏற்றுவேன். மழை, பனிமூட்டம் ஒரு பக்கம், குஞ்சப்பனையில் யானை இன்னொரு பக்கம்.

ஜூன், ஜூலையில் பலாப்பழம் பழுக்கும்போது அந்த ரோட்டில் இரவில் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை வளைகுடாவுக்கு முதல்முறையாகப் போகிற ஒரு பையனையும் அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு இறங்குகிறேன். விமானம் விடியற்காலை நாலு மணிக்கு. இரவு பத்து மணி வாக்கில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் குட்டியோடு ஒரு பெண் யானை ரோட்டின் நடுவில் நிற்கிறது. இன்ஜினை அணைத்து, லைட்டைக் குறைத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டோம். வண்டிக்குள் பேச்சே இல்லை, பலாச்சுளையைக் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. பையன் நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில் மணி பார்க்கிறான். அந்த அம்மா அவனுடைய பாஸ்போர்ட் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உதடு மட்டும் அசையச் சாமி கும்பிடுகிறார். ஒரு மணி நேரம் கழித்து யானை தானாக இறங்கிப் போனது. நாங்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆனால் வேலைக்கு வாங்கிய கடனில் எடுத்த டிக்கெட் அது. அந்த ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகியிருந்தால் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

இதனால்தான் எங்கள் ஆட்கள் நடுராத்திரி விமானத்துக்கு சாயங்காலமே மலையிறங்கி, கொசுக்கடியில் டெர்மினலுக்கு வெளியே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். சமவெளியில் இருக்கிறவருக்கு விமானம் இரவு இரண்டு மணியானாலும் பகல் இரண்டு மணியானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மலைக்காரருக்கு அந்த நேரம்தான் எல்லாமே.

விமான அட்டவணை வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும், மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். எங்கள் ஸ்டாண்டில் பழைய ஓட்டுநர்களுக்கு இந்தத் தேதி தீபாவளி மாதிரி மனப்பாடம். மார்ச் மாற்றம் எங்கள் சீசனுக்கு முன்னால் வருகிறது. அக்டோபர் மாற்றம் சரியாக வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது வருகிறது, மலைப்பாதை எப்போது மூடும் என்று தெரியாத காலம். 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் பகல் விமானம் ஒன்றை எடுத்துவிட்டு ராத்திரிக்கு மாற்றினால் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய இடி என்று அட்டவணை போடுகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு நெஞ்சில் கிடப்பது.

நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். அங்கே இருந்த தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. அப்பாவும் அத்தையும் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டேன்டீ தோட்ட வேலைக்கு இந்த மலைக்கு வந்தார்கள். பெரியப்பா இலங்கை மலையகத்து ஹட்டனிலேயே தங்கிவிட்டார். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று எங்கே போய்க் கேட்டாலும் இந்த மாதிரி நூல் அறுந்த குடும்பங்கள் இருக்கின்றன.

2017-ல் கோவையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் வந்தது. அத்தை அதில் இரண்டு தடவை போய் வந்தார். முதல் தடவை நான்தான் கொண்டுபோய் விட்டேன். இரண்டு டின் வர்க்கி, ஒரு பை நிறைய மலைப்பூண்டு, பெரியப்பாவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர். ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, "கப்பல்ல வந்தப்ப வழி பூரா வாந்தி எடுத்தேன்டா, இப்ப கண்ணு அசந்து முழிக்கிறதுக்குள்ள எறக்கிவிட்டுருவாங்களாமே" என்று அவர் சொன்னதுதான் காதில் இருந்தது. ஒன்றேகால் மணி நேரம் போலத்தான் அந்தப் பயணம். நாற்பது வருஷத்துக்கு மேல் பார்க்காத அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தார்.

சில வருஷத்தில் அந்த விமானம் நின்றுபோனது. எங்களுக்கு அது நின்றதே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

பெரியப்பா இறந்த செய்தி ஒரு காலையில் வந்தது. சென்னை வழியாகக் கடைசி நேர டிக்கெட் எங்கள் கைக்கு எட்டவில்லை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் உண்டு, அதில்தான் இடம் கிடைத்தது. கோத்தகிரியிலிருந்து கரூர் வழியாகத் திருச்சிக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன். மறுநாள் விமானம். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவில் இறங்கி ஹட்டன் மலையேற அங்கேயும் ஐந்து மணி நேரம் ஆகும். அத்தை போய்ச் சேர்ந்தபோது பெட்டியை எடுத்து, மண் போட்டு முடித்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி போன் செய்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "மொகத்தப் பாக்கலடா." யார் மேலும் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டிருக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். 2023 அக்டோபரில் தொடங்கியது, நல்ல விஷயம். ஆனால் அது யாழ்ப்பாணத்துக் கரை. மலையகத்துக்குப் போகிற எங்களுக்கு அங்கிருந்து தெற்கே இன்னொரு முழு நாள் இருக்கிறது.

சரி, ஏன் இப்படி வழித்தடங்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன? வருஷக்கணக்காக விமானப் பயணிகளோடு பேசியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். முதலில், கம்பெனிகள் குறைந்துவிட்டன. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது, விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. கோவையையே தலைமையிடமாக வைத்து ஏர் கார்னிவல் என்று ஒரு கம்பெனி 2016-ல் பறக்கத் தொடங்கியது, 2017-ல் மூடியாகிவிட்டது. இருக்கிற கம்பெனிக்கும் விமானம் பற்றாக்குறை, இன்ஜின் கோளாறில் பல விமானங்கள் தரையில் நிற்கின்றன. இருக்கிற விமானத்தை நிறையக் காசு வருகிற ஊருக்குத்தானே அனுப்புவார்கள்? அதோடு நம்ம மாநிலத்தில் விமான எரிபொருளுக்கு வாட் வரி நீண்ட காலமாக 29 சதவீதம். செலவில் பெரிய பங்கே எரிபொருள்தான் என்னும்போது சின்ன வழித்தடம் முதலில் அடிபடும்.

வெளிநாட்டு விமானம் என்றால் இன்னொரு முடிச்சு. எந்த நாட்டுக் கம்பெனி நம்ம நாட்டில் எந்த ஊருக்கு வாரத்துக்கு எத்தனை இருக்கை ஓட்டலாம் என்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத்தான் முடிவு செய்கின்றன. நினைத்த கம்பெனி நினைத்தபடி கோவைக்கு வந்துவிட முடியாது. ஆனால் இந்தியக் கம்பெனிகளுக்கு இந்த ஊர்க் கட்டுப்பாடு கிடையாது, அவர்கள் கோவையிலிருந்து கிளம்பலாம். 2024 ஆகஸ்டில் இண்டிகோ அபுதாபிக்கு விட்டது அப்படித்தான். ஓடுபாதை நீளம் போதவில்லை, விரிவாக்கம் முடியட்டும் என்று ஒரு பதில் அடிக்கடி வரும். விரிவாக்கம் கட்டாயம் வேண்டும், 2010-லிருந்து 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கிற வேலை இழுத்துக்கொண்டே வந்தது நமக்குத் தெரியும். ஆனால் கொழும்புக்குப் போகிற அளவு விமானத்துக்கு இன்றைக்கு இருக்கிற ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஓடுபாதை தாராளம். அதில்தானே ஓடிக்கொண்டிருந்தது!

எனக்குத் தோன்றுகிற பெரிய காரணம் வேறு. நாங்கள் யார் கணக்கிலும் இல்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் வளைகுடாவுக்கு நாடுகாணிச் சுரம் இறங்கிக் கோழிக்கோடு விமான நிலையம் இருக்கிற கரிப்பூர் போகிறார்கள், அங்கிருந்து அதுதான் பக்கம். ஊட்டியிலிருந்து சிலர் பெங்களூர் போய் ஏறுகிறார்கள். எங்கள் அத்தை திருச்சி போனார். இந்த டிக்கெட் எல்லாம் கரிப்பூர், பெங்களூர், திருச்சி கணக்கில் ஏறுகிறது. கம்பெனிக்காரர் கோவைக் கணக்கை எடுத்துப் பார்த்தால் கொழும்புக்குப் போக ஆளே இல்லாத மாதிரி தெரியும். விமானம் இல்லாததால் ஆள் வேறு ஊருக்குப் போகிறார், ஆள் இல்லை என்று விமானம் வருவதில்லை. இந்தச் சுற்றை யாராவது ஓர் இடத்தில் வெட்ட வேண்டும்.

அரசாங்க மானியத்தில் விட்டால் சரியாகிவிடுமா என்றால், சின்ன ஊர்களுக்கு மானியத்தில் விமானம் விடுகிற மத்திய அரசின் உடான் திட்டத்தைப் பாருங்கள். சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. இடையில் அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். அந்தத் திட்டத்தைப் பற்றி 2023-ல் வந்த சிஏஜி (மத்திய தணிக்கைத் துறை) அறிக்கையில் முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 வழித்தடங்களில் 371 தான் தொடங்கவே செய்தன, அதில் மூன்று வருஷத்தை முழுதாக முடித்தவை 112, அதற்குப் பிறகும் ஓடியவை 54 தான் என்று இருக்கிறது. மானியம் கொடுத்து விமானத்தை வரவைக்கலாம். ஆள் ஏறுகிற நேரத்தில், ஆள் வந்து சேருகிற வசதியோடு ஓட்டினால்தான் அது நிற்கும்.

ஹெலிகாப்டர் பற்றி. வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எங்கள் மலை மேகம் எந்த நிமிஷம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் என்று இங்கேயே பிறந்தவனாலும் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 8-ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்கு வந்த விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை இழந்தோம். எவ்வளவு தேர்ந்த விமானிகள் அவர்கள்! அதைப் பார்த்த பிறகும் சுற்றுலாவுக்காக நாளுக்கு இத்தனை நடை என்று பேசுவது எனக்குப் புரியவில்லை. யானையும் காட்டெருமையும் இருக்கிற காட்டுக்கு மேலே அந்தச் சத்தம் வேறு. அதில் ஏறப்போவது அத்தை மாதிரி ஆட்களும் கிடையாது. வண்டிக் கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்றமே 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைக்கச் சொன்ன மலை இது.

எங்களுக்கு வேண்டியது சின்ன விஷயங்கள். விமானம் வந்து இறங்குகிற நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி விமான நிலையத்து வாசலிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் அரசு பஸ். பெங்களூர் விமான நிலையத்திலிருந்து மைசூருக்கும் மடிக்கேரிக்கும் கர்நாடகா ஃப்ளை பஸ் விட்டதே, அந்த மாதிரி. டாக்சிக்காரன் நீயே பஸ் கேட்கிறாயா என்று வீட்டில் கேட்டார்கள். நாலாயிரம் ரூபாய் கொடுத்து என் வண்டியில் வர முடியாதவர்கள்தான் இங்கே அதிகம், அவர்களும் என் ஊர்தானே. மலைக்குப் போய்ச் சேர வழி இருக்கிறது என்றால் கோவையில் ஏறுகிற ஆளும் கூடும், வழித்தடமும் நிற்கும்.

அப்புறம், மழை மாதங்களில் பகல் நேரத்து விமானங்களில் கை வைக்காதீர்கள். ஒரு வழித்தடத்தை நிறுத்துவதென்றால் மூன்று மாதம் முன்னாலேயே பேப்பரில் போட்டுச் சொல்லுங்கள். கொழும்புக்குத் தினமும் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள், பகலில் விட்டுப் பாருங்கள். எழுபது பேர் ஏறுகிற ஏடிஆர் விமானமே போதும்.

இதை விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், நீலகிரி, கோவை எம்.பி.க்களுக்கும் மனுவாக அனுப்பப் போகிறோம், எங்கள் ஸ்டாண்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து. வெறும் கோரிக்கையாகப் போனால் ஓரமாக வைத்துவிடுவார்கள், எண்ணிக்கை வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து கடந்த மூன்று வருஷத்தில் இலங்கைக்கோ வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ யாராவது போயிருந்தால் ஊர், எத்தனை பேர், எந்த விமான நிலையத்தில் ஏறினீர்கள், இந்த மூன்றை மட்டும் கீழே எழுதுங்கள். பெயரோ போன் நம்பரோ வேண்டாம். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் கேட்டு நீங்களே எழுதிவிடுங்கள். முதல் வரியை நானே போடுகிறேன்: கோத்தகிரி, ஒருவர், திருச்சி.