மோட்டார் வரட்டும், மரங்கள் முடிகிற இடம் வரைக்கும்

மின்சார மலை சைக்கிளை உயர்மலைப் பாதைகளில் விடலாமா கூடாதா என்ற சண்டை எங்கே நடந்தாலும் இரண்டு தரப்பும் டயரைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறார்கள். மோட்டார் வைத்த வண்டி மண்ணைக் கிளறிவிடும் என்பார் ஒருவர். சாதா சைக்கிள் போட்ட தடத்துக்கும் இதன் தடத்துக்கும் வித்தியாசம் காட்டுங்கள் பார்ப்போம் என்பார் இன்னொருவர். இரண்டாவது ஆள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஆனாலும் மரங்கள் முடிந்து வெறும் புல்லும் பாறையுமாக ஆகிவிடுகிற உயரத்துக்கு மேல் இந்த வண்டிகளை விடக்கூடாது என்பதுதான் என் கருத்து. அதற்கான காரணம் டயரில் இல்லை.

டயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2015இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் சர்வதேச மலை சைக்கிள் சங்கம் ஒரு சின்ன ஆய்வு செய்தது. சாதா மலை சைக்கிள், மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுகிற மின் சைக்கிள், பெட்ரோல் டர்ட் பைக் மூன்றையும் ஓட்டிப் பார்த்து எவ்வளவு மண் நகர்ந்தது என்று அளந்தார்கள். முதல் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, பெட்ரோல் வண்டி மட்டும் தரையை நன்றாகவே உழுதிருந்தது. நடத்தியது சைக்கிள்காரர்களின் சங்கம், இடமும் ஒன்றே ஒன்று என்று குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் கணக்குப் போட்டாலே முடிவு அப்படித்தான் வரும். சாதா வண்டி 13, 15 கிலோ, மின் வண்டி 22 முதல் 25 கிலோ, மேலே உட்காரும் ஆள் 75 கிலோ. மொத்தத்தில் பத்து சதவீதம் சொச்சம்தான் கூடுகிறது. அதற்கும் முன்னால், 1994இல் வெளியான மான்டனா ஆய்வு ஒன்று, மலைப்பாதையில் மண்ணை அதிகம் பெயர்ப்பது குதிரைக் குளம்புதான் என்று காட்டியது. குதிரையை விடுகிறீர்கள், என்னை மட்டும் ஏன் நிறுத்துகிறீர்கள் என்று ஒரு மின் சைக்கிள்காரர் கேட்டால் மண் கணக்கை வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

சரி, அப்புறம் என்னதான் பிரச்சினை?

ஒரே அளவு தடவை போனால் எது எவ்வளவு மண்ணைப் பெயர்க்கும் என்பதைத்தான் இந்த ஆய்வுகள் அளக்கின்றன. எத்தனை வண்டி, எவ்வளவு உயரத்துக்கு, எந்த நேரத்தில், எந்த மாதத்தில் என்பதை அவை அளக்கவில்லை, மோட்டார் மாற்றுவதோ அதைத்தான். நல்ல உடல்தகுதி உள்ள ஒருவர் மணிக்கணக்கில் தொடர்ந்து மிதித்தால் 150, 200 வாட் சக்தி வரும். ஐரோப்பியச் சட்டப்படி மின் சைக்கிள் மோட்டார் 250 வாட். ஆகா, இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த 250 என்பது தொடர்ந்து ஓடும்போதான மதிப்பு, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் அதே மோட்டார் 600 வாட்டைத் தாண்டும். 2024இல் வந்த டிஜேஐ நிறுவனத்தின் அவினாக்ஸ் மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு 1000 வாட் வரைக்கும் கொடுக்கிறது. சாதாரண ஓட்டி ஒருவர் மூச்சு வாங்கி, இறங்கித் தள்ளி, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து ஏறுகிற மேட்டை மின் சைக்கிள்காரர் பேசிக்கொண்டே ஏறிவிடுவார். ஒரு நாளை முழுதாக விழுங்குகிற சிகரமுகடு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். பேட்டரியில் மிச்சம் இருந்தால் சாயங்காலம் இன்னொரு சுற்று.

அந்த உயரத்துக்கு இதுவரை இருந்த ஒரே வேலி ஏறுகிற கஷ்டம்தான். யாரும் அதற்குக் காசு செலவு பண்ணவில்லை, காவலுக்கு ஆள் போடவில்லை. அது பாட்டுக்குக் கூட்டத்தைக் கீழேயே வடிகட்டி வைத்திருந்தது.

அந்த வேலி போனால் என்ன ஆகும் என்று ஊகிக்கத் தேவையில்லை, ஏற்கெனவே ஒரு இடத்தில் பார்த்தாயிற்று. அமெரிக்காவின் ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் ட்ரெயில் ரிட்ஜ் சாலை 1932இல் திறந்தது. கடல் மட்டத்திலிருந்து 3,700 மீட்டருக்கும் மேலே, மரமே இல்லாத ஆல்பைன் வெளிக்கு நேராகக் காரில் போய் இறங்கலாம். இறங்கினார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் அப்படியே புல்வெளியில் நடந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பீட்ரிஸ் வில்லார்ட் என்ற தாவரச் சூழலியலாளர் 1959இல் அங்கே மிதிபட்ட சில இடங்களை வேலி போட்டு மூடி, செடிகள் எப்போது திரும்பி வரும் என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார். அதிகம் மிதிபட்ட இடங்கள் பழைய நிலைக்கு வர நூற்றாண்டுகள் ஆகலாம் என்பது அவர் போட்ட கணக்கு. அங்கே டயரும் இல்லை, குளம்பும் இல்லை. வெறும் செருப்பும் ஷூவும்தான், அதுவும் கெட்ட எண்ணம் துளியும் இல்லாத சுற்றுலாப் பயணிகள். சுலபமாக வர முடிந்தது, வந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

அந்தத் தரை ஏன் அவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பது குனிந்து பார்த்தால்தான் புரியும். மெத்தை மாதிரி தரையோடு ஒட்டி வளர்கிற செடிகள் அங்கே உண்டு. சிலேனே அகாலிஸ் என்று ஒன்று, ஊசி மாதிரிக் குட்டி இலைகள் நெருக்கி அடித்துக்கொண்டு ஒரு உருண்டையாக நிற்கும், மேலே ரோஜா நிறத்தில் சின்னப் பூக்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பாறைமேல் பிடித்த பாசி என்றுதான் நினைப்போம். காற்றுக்குத் தலை தூக்காமல் இருப்பதால் அந்த உருண்டைக்குள் வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் சூடு நிற்கும், கொஞ்சம் ஈரமும் நிற்கும், அந்த இடத்தில்தான் மற்றச் செடிகளின் விதைகளும் வந்து ஒதுங்கும். உள்ளங்கை அகலம் வளரவே பல வருஷம் பிடிக்கும், பூக்கத் தொடங்கப் பத்து வருஷம்கூட ஆகலாம், விட்டுவைத்தால் சில நூறு வருஷம் வாழும். வளர்வதற்கு அதற்குக் கிடைப்பது வருஷத்துக்குச் சில வாரக் கோடைதான். இதன் ஓரம் ஒரு தடவை பிய்ந்தால் காற்று உள்ளே புகுந்து அடியிலிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டே போகும்.

இதன்மேல் யாரும் வேண்டுமென்று ஏற்றுவதில்லை. பனி உருகும் காலத்தில் பாதை நடுவில் தண்ணீர் நிற்கும். முதலில் வருபவர் சேற்றுக்குப் பயந்து ஓரமாகச் சுற்றிப் போவார். அடுத்தவருக்கு அந்த ஓரத் தடமே பாதையாகத் தெரியும். அது சேறானதும் மூன்றாமவர் இன்னும் வெளியே போவார். ஓரடி அகலப் பாதை ஒரு பருவத்துக்குள் நாலு பிரிவாகப் பிரிந்துவிடும். இதை நடப்பவர்களும் செய்கிறார்கள், சாதா சைக்கிள்காரர்களும் செய்கிறார்கள், ஆனால் ஆள் கூடக்கூட வேகம் கூடும். மின் சைக்கிள் இதோடு இன்னொன்றையும் சேர்க்கிறது: முன்பு இறங்க மட்டும் பயன்பட்ட செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் இப்போது ஏறவும் முடிகிறது. மோட்டார் முழு பலத்தோடு உதவுகிற டர்போ மோடில், ஈரப் படிக்கட்டு மாதிரி இடத்தில் அழுத்தினால் பின் சக்கரம் ஒரு அரைச் சுற்று வழுக்கிச் சுழலும், இரண்டு கூழாங்கல் பின்னால் தெறிக்கும், அப்புறம் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். ஒரு ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு சனிக்கிழமையில் எத்தனை பேர் அதே இடத்தில் சுழற்றுவார்கள் என்பதுதான் கேள்வி.

விலங்குகள் விஷயத்திலும் இதே கதைதான். மோட்டார் சத்தம்தான் விலங்கைப் பயமுறுத்தும், மின் சைக்கிள் சத்தம் போடாதே என்று கேட்கிறார்கள். பொழுதுபோக்குக்காக மலைக்கும் காட்டுக்கும் போகிற மனிதர்களால் விலங்குகளுக்கு என்ன ஆகிறது என்று உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு தொகுப்பு வந்தது. அதில் 93 சதவீத ஆய்வுகள் ஏதாவது ஒரு பாதிப்பையாவது பதிவு செய்திருந்தன. மோட்டார் இல்லாத நடமாட்டத்துக்கே பாதிப்புக்கான சான்று அதிகம் கிடைத்தது. சத்தமில்லாமல் வந்தாலும் மனிதன் மனிதன்தான். குளிர்காலம் முழுக்கத் தூங்கப்போகிற அணில் இனத்து மர்மோட்டுக்கும், தூங்காமல் புல்லை வெட்டி உலர்த்திச் சேமித்து வைக்கிற, முயலின் உறவான குட்டிப் பைக்காவுக்கும் சாப்பிடக் கிடைப்பது அந்தச் சில வாரங்கள்தான். தலையைத் தூக்கி நம்மைப் பார்த்துவிட்டுப் பொந்துக்குள் ஓடுகிற ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்திலிருந்துதான் கழிகிறது. இருட்டுவதற்குள் இறங்கவேண்டுமே என்ற கவலையில் சாதா ஓட்டி மூன்று மணிக்கே திரும்பிவிடுவார். மோட்டாரும் விளக்கும் உள்ளவருக்கு அந்தக் கவலை இல்லை, அந்தி வரைக்கும் மேலே இருப்பார்.

சட்டம் இருக்கிறதே, அது பெரிய குழப்பம். ஐரோப்பாவில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டரோடு உதவி நின்றுவிடும். அமெரிக்காவில் மிதித்தால் மட்டும் உதவுகிற வண்டியை முதல் வகுப்பு என்கிறார்கள், 750 வாட் வரைக்கும், 32 கிலோமீட்டர் வரைக்கும். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் உதாரணம் காட்டுகிறார்கள். 2019 ஆகஸ்டில், தேசியப் பூங்காக்கள் உள்ளிட்ட அரசு நிலங்களைக் கவனிக்கிற அமெரிக்க உள்துறை தன் நிலங்களில் மின் சைக்கிளைச் சாதா சைக்கிள் போலவே நடத்தச் சொல்லி உத்தரவு போட்டது. 2020இல் விதிகளும் வந்தன. தேசியப் பூங்கா விதி தொடர்பான வழக்கில், சுற்றுச்சூழல் பாதிப்பைச் சரியாக ஆராயாமல் போட்ட விதி என்று 2022இல் நீதிமன்றம் சொன்னது. அதே நாட்டில் தேசிய வனங்களைக் கவனிக்கிற வனச் சேவை என்ற அரசு அமைப்பு மின் சைக்கிளை மோட்டார் வாகனம் என்றுதான் வகைப்படுத்துகிறது. ஒரே மலையில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டைத் தாண்டினால் உங்கள் வண்டியின் ஜாதகமே மாறிவிடும். தரையில் நிற்கிற காவலர் பாடுதான் பாவம். மோட்டார் பெடலுக்கு நடுவில், பேட்டரி சட்டகக் குழாய்க்குள். பத்தடி தூரத்தில் எது எந்த வண்டி என்று தெரியாது. வேகக் கட்டுப்பாட்டை நீக்கும் மின்னணுச் சில்லு போட்டிருக்கிறாரா என்பதைப் பாதையில் நிறுத்தி வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

அதனால்தான் வாட்டை வைத்து விதி எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இடத்தை வைத்து எழுதவேண்டும். மர எல்லைக்கு மேலே மின் சைக்கிள் வேண்டாம். அங்கேயே ஈரமும் மெல்லிய மண்ணுமாக இருக்கிற பகுதிகளில் சாதா சைக்கிளும் வேண்டாம், இரண்டையும் சேர்த்து மூடுங்கள். சாதா சைக்கிள் நண்பர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும். முழுக்கப் பாறைமேல் போகிற பாதைகளில் அவர்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், அங்கே கெட்டுப்போக மண் இல்லை. மர எல்லைக்குக் கீழே நான் நேர் எதிர்க்கட்சி. காட்டுச் சாலை, சரளைப் பாதை, ஏற்கெனவே சைக்கிளுக்குத் திறந்திருக்கிற ஒற்றையடிப் பாதை, இங்கெல்லாம் மோட்டார் என்ற ஒரே காரணத்துக்காகத் தடை போடுவது வெறும் பிடிவாதம். பாதை பராமரிக்கிற தன்னார்வலர்களுக்கே மின் சைக்கிள் பெரிய உதவி, ரம்பத்தையும் மண்வெட்டியையும் முதுகில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் ஏறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

வயதானவர்கள், முட்டி போனவர்கள், உடல் குறைபாடு உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விதான் எனக்கு உண்மையிலேயே கனமான கேள்வி. வியர்வை சிந்தி ஏறினவனுக்குத்தான் மேலே நிற்கும் உரிமை என்கிற வீராப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இருபத்தைந்து வயசு முட்டி இருப்பது ஒன்றும் ஒழுக்கச் சாதனை இல்லை. நடக்க முடியாத ஒருவர் தனக்கென்று செய்த மூன்று சக்கர மின் வண்டியில் மேலே போக அனுமதி கேட்டால், எண்ணிக்கை வைத்து, பாதை பார்த்து, தாராளமாகக் கொடுக்கவேண்டும். கொடுக்கிற வழிமுறை சுலபமாகவும் இருக்கவேண்டும், பத்து படிவம் நிரப்ப வைக்கக்கூடாது. ஆனால் அவரை முன்னால் நிறுத்திவிட்டு, பின்னால் வாடகை வண்டிக்கூட்டம் முழுவதும் நுழைய நினைப்பது வேறு. அப்படிப் பேசுகிற விளம்பரங்களைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

பேட்டரி தீர்ந்து 25 கிலோ இரும்போடு மதிய இடியில் மொட்டை முகட்டில் மாட்டிக்கொள்கிற ஆட்களைப் பற்றியும் எழுதலாம், அது மீட்புக்குழுவின் தலைவலி, இப்போதைக்கு விடுங்கள்.

பாதையை நிர்வகிப்பவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்த உயர்மலைப் பாதையையும் மோட்டாருக்குத் திறப்பதற்கு முன்னால், இப்போது அங்கே எத்தனை பேர் போகிறார்கள், எந்த மணிக்குப் போகிறார்கள் என்று ஒரு முழுப் பருவம் எண்ணிவிட்டுப் பேசுங்கள். வாடகைக் கடையும் விடுதியும் வந்த பிறகு எண்ணி ஒரு பிரயோஜனமும் இல்லை, அப்புறம் மூடுவதற்கு எந்த அதிகாரிக்கும் தைரியம் வராது. அதோடு, நடப்பவர்கள் உட்பட எல்லோருக்கும், பனி உருகித் தரை காய்கிற வரைக்கும் மேல்பாதைகளை மூடி வையுங்கள். எந்தத் தேதியில் திறப்பது என்பதைக் காலண்டரைப் பார்த்து அறிவிக்காமல் வருஷா வருஷம் ஒரு ஆள் மேலே போய்த் தரையைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.