சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அடுத்த திங்கட்கிழமை எங்கள் வார்டுக்கு நான்கு பேர் புதிதாக வருகிறார்கள். மூன்று பெண்கள், ஒரு பையன். நான்கு பேருமே இப்போதுதான் நர்சிங் படிப்பை முடித்தவர்கள். நேற்று டியூட்டி லிஸ்ட்டில் அவர்கள் பெயரை எழுதும்போதே, புதியவர்கள் வாய் திறந்து கேள்வி கேட்பதைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பாதி அவர்களுக்காக, பாதி என்னைப் போன்ற பழைய ஆட்களுக்காக.

19 வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், இது மூன்றாவது ஆஸ்பத்திரி. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “முதல்ல வாயை மூடிக்கிட்டு வேலையைக் கத்துக்கோ, அப்புறம் பேசலாம்.” எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் சில வருடம் மற்றவர்களுக்கு அதையே சொல்லியிருக்கிறேன். அது தவறு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை, மணி ஏழு இருக்கும். நைட் டியூட்டி முடிய அரை மணி நேரம். ஒன்பதாம் பெட்டில் ஒரு பெரியவர். சர்க்கரை கட்டுக்குள் வராமல் அட்மிட் ஆனவர். காலை டிபனுக்கு முன் 12 யூனிட் இன்சுலின் போட வேண்டும். எங்கள் வார்டில் வழக்கமாக இருப்பது 40 யூனிட் வயல் (மருந்துக் குப்பி), அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், அதில் 40 கோடு சேர்ந்தால் ஒரு மில்லி. முந்தைய நாள் சாயங்காலம் டாக்டர் இன்சுலினை மாற்றி எழுதியிருந்தார். பெரியவரின் மகன் வெளியே மருந்துக்கடையில் வாங்கி வந்து கொடுத்தது 100 யூனிட் வயல். அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான் எடுக்க வேண்டும். நான் பழக்கத்தில் ட்ரேயில் கிடந்த சிவப்பு மூடியைக் கழற்றி, 12 கோடு வரை மருந்தை இழுத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்றது வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரமான பெண். வயலைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தாள். சிரிஞ்சைப் பார்த்தாள். மறுபடியும் லேபிளைப் பார்த்தாள்.

“அக்கா, இது ஹண்ட்ரட் வயல். சிரிஞ்ச் ஃபார்ட்டி எடுத்திருக்கீங்களே?”

எனக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. அந்த சிரிஞ்சில் 12 கோடு என்றால் 0.3 மில்லி. 100 யூனிட் வயலில் 0.3 மில்லி என்றால் 30 யூனிட். பன்னிரண்டு போட வேண்டியவருக்கு முப்பது போயிருக்கும். அதுவும் இரண்டு இட்லியைக்கூட முழுசாகச் சாப்பிட முடியாமல் இருந்தவர். சர்க்கரை சரசரவென்று இறங்கி, காலை டியூட்டி ஆட்கள் வந்து பார்க்கும்போது வியர்த்துக் கொட்டி நினைவில்லாமல் கிடந்திருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு 17 வருட அனுபவம், அவளுக்கு 3 வாரம். அவள் கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை. நான் கவனக்குறைவான ஆள் இல்லை. ஆனால் ஆயிரம் தடவை செய்த வேலையில் கை தானாக ஓடும், கண் பின்னால்தான் வரும். புதிதாக வந்தவளுக்கு எதுவுமே பழக்கம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் படித்துப் பார்த்தாள். ஆறு மாதம் போனால் அவள் கையும் என் கை மாதிரி ஓட ஆரம்பித்துவிடும். அந்த முதல் சில மாதத்துப் பார்வையை வாயை மூடச் சொல்லி வீணாக்குவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தப் பெண் ஒன்றும் துணிச்சல்காரி இல்லை. கேட்டால்தான் பேசுவாள், அதுவும் மெதுவாக. அப்புறம் எப்படி அன்றைக்கு வாய் திறந்தாள்? எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் வைத்திருந்த ஒரு வழக்கம்தான் காரணம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி ஆபத்தான மருந்துகளை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது பல ஆஸ்பத்திரிகளில் உள்ள விதி. ஆனால் பல இடங்களில் அது இரண்டாவது கையெழுத்தோடு முடிந்துவிடும். எங்கள் இன்சார்ஜ், இரண்டு பேரில் ஜூனியர் யாரோ அவர்தான் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், சீனியர் பதில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். அதனால் அவளுக்கு என்னிடம் கேட்பது வேலையின் ஒரு பகுதி. சீனியரை எதிர்த்துப் பேசுகிறோம் என்ற பயம் வர அங்கே இடமே இல்லை.

என் முதல் வேலையில் நிலைமை வேறு. ஊரும் பெயரும் வேண்டாம். சேர்ந்த இரண்டாவது வாரம், ஒரு மருந்தை எவ்வளவு நேரத்தில் ஓட்ட வேண்டும் என்று சீனியரிடம் கேட்டேன். “இதுகூடத் தெரியாம எப்படி பாஸ் பண்ணே?” என்று நோயாளிகள், அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றிலிருந்து பல மாதம் நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரி ஒரு அம்மாவுக்கு ட்ரிப் போட்ட கை லேசாக வீங்கியிருந்தது. அது வெறும் வீக்கமா, ஊசி ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகம். கேட்டால் திட்டு விழும் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் முழங்கை வரை வீங்கிவிட்டது. அந்த அம்மா வலியில் முனகியது என் காதை விட்டு இன்னும் போகவில்லை. தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பின் விதை இரண்டாவது வாரத்திலேயே விழுந்துவிட்டது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990களில் ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். நன்றாக ஒத்துப்போகும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களின் பதிவேட்டில்தான் தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, நடந்ததை வெளியே சொல்லப் பயமில்லாமல் இருந்தார்கள் என்று தெரிந்தது. மற்ற இடங்களில் மறைத்தார்கள். நடந்த தவறுகளை எழுதி வைக்கும் சம்பவப் பதிவேடு சுத்தமாக வெள்ளையாக இருக்கும் வார்டைப் பார்த்தால் எனக்கு இப்போது பயம்தான் வருகிறது.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல் தெரிந்திருக்கும். 2008இல் கொண்டுவந்தார்கள். மொத்தம் 19 விஷயங்கள், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு ஆஸ்பத்திரிகளில் முதலில் செய்து பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11இலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரே ஒரு வரி. கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெயர் சொல்வதால் என்ன ஆகிவிடும் என்று முதலில் நானும் நினைத்தேன். ஒரு தடவை வாய் திறந்த ஆளுக்கு இரண்டாவது தடவை திறப்பது சுலபம். “சார், ஸ்பாஞ்ச் (ரத்தத்தை ஒற்றும் துணி) கணக்கு ஒன்று குறைகிறது” என்று சொல்ல வேண்டிய நேரத்தில் தொண்டை அடைக்காது.

சரி, புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஓவர் எடுக்கும், அதாவது டியூட்டி முடிந்து போகிறவரிடம் நோயாளிகளின் விவரத்தைக் கேட்டு வாங்கும், அந்த இருபது நிமிடம்தான் உங்கள் முழு டியூட்டியும். பெட் பெட்டாகப் போய் நின்று வாங்குங்கள், டியூட்டி ரூமில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்து வாங்காதீர்கள். “ட்ரிப் போயிட்டிருக்கு” என்று சொன்னால் எது, எத்தனையாவது பாட்டில், எப்போது முடியும் என்று கேளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர் கொஞ்சம் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை. நீங்கள் ஓவர் கொடுக்கும்போது உங்களால் முடிக்க முடியாததை முதலில் சொல்லுங்கள். “மூணாம் பெட் ரத்த சாம்பிள் இன்னும் எடுக்கலை” என்று சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை. சொல்லாமல் போனால்தான் அடுத்த ஆள் உங்களை நம்புவதை விட்டுவிடுவார். அந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிக்க மாதக்கணக்கில் ஆகும்.

ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் செய்வதைப் பார்த்து எல்லோரும் பயப்படுவார்கள். “சார், ஆறாம் பெட் கொஞ்சம் டல்லா இருக்கார்” என்று சொன்னால் அவர் “காலையில பார்க்கலாம்” என்றுதான் சொல்வார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், ஆறாம் பெட், நேத்து வயித்துல ஆபரேஷன் ஆனவர். பி.பி. 90/60, பத்து மணிக்கு 120/80 இருந்துச்சு. பல்ஸ் 118. நாலு மணி நேரத்துல யூரின் 60 மில்லிதான். உள்ளே ரத்தம் கசியுதோன்னு சந்தேகமா இருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்.” இப்போது என்ன, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். இந்த நான்கையும் இதே வரிசையில் சொல்வது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை. போன் செய்வதற்கு முன் நான்கையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம், நீங்கள் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி செய்திருப்பீர்கள். முதல் வாரத்திலேயே “எங்க ஹாஸ்பிடல்ல இப்படி இல்லையே” என்று ஆரம்பிக்காதீர்கள், யாருக்கும் பிடிக்காது. ஆனால் மறந்தும் போகாதீர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வொன்றும் ஏன் இப்படி நடக்கிறது என்று புரிந்த பிறகு பாருங்கள். பாதி அடிபட்டுப் போகும். மீதி பாதி எங்களுக்கு வேண்டும், கொண்டுவந்து கொடுங்கள்.

பழையவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். புதியவர் கேள்வி கேட்கும்போது உங்கள் முதல் பதில் என்ன என்பதில்தான் அந்த ஆள் இங்கே எப்படி வளர்வார் என்பது இருக்கிறது. தவறைத் திருத்த வேண்டுமென்றால் தனியாகக் கூப்பிட்டுத் திருத்துங்கள். நோயாளி முன்னால் வேண்டவே வேண்டாம். நைட் டியூட்டியையும் தீபாவளி, பொங்கல் டியூட்டியையும் மொத்தமாகப் புதியவர் தலையில் கட்டாதீர்கள். முப்பது பெட்டுக்கு இரண்டு பேர் ஓடும் ராத்திரியில் எரிச்சல் வரும், எனக்கும் வரும். அந்த எரிச்சலோடு விழும் ஒரு வார்த்தை பக்கத்தில் நிற்பவரின் வாயை ஒரு வருடத்துக்குப் பூட்டிவிடும்.

அன்று அந்த இன்சுலினைக் கொட்டிவிட்டு, ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் புதிதாக எடுத்துப் போட்டேன். சம்பவப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். ஓவர் கொடுக்கும்போது எல்லோர் முன்னாலும் நானே சொன்னேன். இன்சார்ஜ் அன்றைக்கே சிவப்பு மூடிக்கும் ஆரஞ்சு மூடிக்கும் தனித்தனி ட்ரே வைத்தார். வெளியிலிருந்து இன்சுலின் வந்தால் வயலில் பெரிய எழுத்தில் 40 அல்லது 100 என்று ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கமும் வந்தது. மூன்று வாரம் வேலை பார்த்த ஒரு பெண் கேட்ட ஒரு கேள்வியால் எங்கள் வார்டில் நடந்த மாற்றம் இது. அவள் இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறாள்.

திங்கட்கிழமை ஏழரைக்கு ஓவர். நான்கு பேரையும் ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் ஆயாம்மாவிடம் அறிமுகம் செய்து வைக்க வேண்டும். எந்த நோயாளி ராத்திரி தூங்கவில்லை, யார் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார், எந்த சக்கர நாற்காலியில் பிரேக் பிடிக்காது என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். அதற்குப் பிறகு ஒன்றாம் பெட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.