அந்தப் பெண் அப்படி என்ன 'ஓவரா' பண்ணிட்டாங்க?

பஸ் ஸ்டாண்ட் வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி கதை சொல்லப் போவதில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண், பக்கத்தில் தம் அடித்தவரிடம் "அண்ணே, கொஞ்சம் தள்ளி நின்னு குடிங்க" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த அண்ணன் முகத்துக்கு நேராக ஊதிக் காட்டியது ஒரு பக்கம் கிடக்கட்டும். "ரொம்ப ஓவரா பண்றா", "அவ்ளோ கஷ்டமா இருந்தா கார்ல போக வேண்டியதுதானே" என்று கீழே எழுதிச் சிரித்தார்களே, அதில் நாலைந்து பேர் என் நட்பில் இருப்பவர்கள். மே 31 வந்தால் புகையிலை எதிர்ப்பு தினப் படம் போடுகிற புண்ணியவான்களும் அதில் உண்டு.

அவர் சிகரெட்டை விடச் சொல்லவில்லை. புற்றுநோய் பற்றிப் பாடம் எடுக்கவில்லை. தள்ளி நில் என்றார். குடிப்பது உங்கள் இஷ்டம், சரி, ஒத்துக்கொள்கிறேன். மூச்சு விடுவது எங்கள் இஷ்டமா? நீங்கள் குடித்து முடிக்கும் வரை அந்தப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்குமா?

குடிக்கிறவருக்காவது பில்டர் இருக்கிறது. விரலிடுக்கில் எரிந்துகொண்டே இருக்கிறதே நுனி, அதிலிருந்து கிளம்பும் புகைக்கு எந்தப் பஞ்சும் கிடையாது, நேராகப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான். புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அதில் எழுபது வாக்கில் புற்றுநோய் உண்டாக்குபவை. தாங்கள் குடிக்காமலேயே அடுத்தவர் புகையால் உலகத்தில் வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 1981லேயே ஜப்பானில் ஹிரயாமா என்ற ஆய்வாளர், சிகரெட் பக்கமே போகாத மனைவிகளுக்கு, புருஷன் குடிப்பதால் நுரையீரல் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று காட்டினார். சிகரெட் கம்பெனிகள் அந்த ஆய்வைக் குழி தோண்டிப் புதைக்கப் படாத பாடு பட்டன. நம்ம ஆட்கள் அதைச் சம்பளம் வாங்காமலே செய்கிறார்கள்.

"அது திறந்தவெளிதானே" என்று ஒருவர். இல்லை சார். 2003ல் வந்த புகையிலைச் சட்டத்துக்கு 2008ல் போட்ட விதிகளில், ஸ்டேடியம், ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் திறந்தவெளிக் கணக்கில் வராது என்றே எழுதியிருக்கிறது. அங்கே குடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். யாராவது வசூலித்து நான் பார்த்ததில்லை, அது வேறு கதை. ஆனால் சட்டம் அந்தப் பெண் பக்கம் இருக்கிறது. அவர் கெஞ்சவே வேண்டியதில்லை, கெஞ்சித்தான் கேட்டார்.

"பஸ் புகை மட்டும் இனிக்குமா?" இனிக்காதுதான். அதையும் சேர்த்துக் கேட்போம், வாருங்கள். சிகரெட் பேச்சு எடுக்கும்போது மட்டும் உங்களுக்கு பஸ் புகை ஞாபகம் வருகிறதே, அது எப்படி?

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரை பீடி குடிச்சாரு." இந்தத் தாத்தா இல்லாத வீடே இல்லை போல. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஐம்பது வருஷம் டாக்டர்களையே பின்தொடர்ந்து பார்த்து 2004ல் சொன்னது, விடாமல் குடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்தார்கள் என்று. போய்ச் சேர்ந்த தாத்தாக்கள் வந்து கமெண்ட் போட மாட்டார்கள். சரி, உங்கள் தாத்தா இரும்பு மனிதராகவே இருக்கட்டும். பாட்டி எப்படி இருந்தார், அதைச் சொல்லுங்கள்.

ஏன் பாட்டியைக் கேட்கிறேன் என்றால், எங்கள் அம்மா வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொட்டதில்லை. மதுரையில் நாங்கள் குடியிருந்தது ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள லைன் வீடு. அப்பா கட்டிலில் உட்கார்ந்து குடிப்பார். ஆணியில் தொங்கும் என் பள்ளிக்கூட யூனிபார்மில் அந்த வாடை ஏறி, பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் தள்ளி உட்காரும். இப்போது அம்மாவுக்கு சிஓபிடி, மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் தீராத நுரையீரல் நோய். காப்ஸ்யூலை உள்ளே போட்டுத் திருகி இழுக்கும் இன்ஹேலர், இழுத்ததும் வாய் கொப்பளிக்க ஒரு சொம்புத் தண்ணீர், காலையும் இரவும். மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கினால், எதையோ மறந்துவிட்டது போல கீழே திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார். டாக்டர் விறகடுப்பு உண்டா என்று கேட்டார், சில வருஷம் உண்டு. உடனே "அப்போ அடுப்புதான் காரணம்" என்று ஓடி வராதீர்கள். வீட்டில் யாராவது குடிப்பார்களா என்றும் அவரே கேட்டார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்ட நண்பருக்கு மட்டும் என்னிடம் உடனடிப் பதில் இல்லை. நெல்லை, தென்காசி பக்கம் எத்தனை வீடுகளில் அந்தக் கூலியில் உலை கொதிக்கிறது என்று தெரியும். புகையிலைத் தூளை மூச்சில் வாங்கிக்கொண்டு சுற்றுவதும் அவர்கள்தான். ஆனால் தள்ளி நின்று குடித்தால் அவர்கள் கூலி எப்படிக் குறையும் என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியாக வந்தது, "கேட்ட விதம் சரியில்லை". இதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. அண்ணே என்றுதானே கேட்டார்? இன்னும் எப்படிக் கேட்க வேண்டும், காலில் விழுந்தா? எங்கள் அம்மா எல்லா விதத்திலும் கேட்டுப் பார்த்தவர். பக்குவமாகச் சொன்னார், சிரித்துச் சொன்னார், சண்டை போட்டார், பிறகு சொல்வதையே விட்டுவிட்டார். அப்பா ஒருநாள் சிகரெட்டை நிறுத்தினார். அவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது. அதற்கு முன்னால் அம்மா இருமிய ராத்திரிகளுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை. கோபமும் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற பெரியப்பா இன்றைக்கும் ஹாலில் உட்கார்ந்துதான் பற்ற வைக்கிறார். சாம்பல் தட்ட அம்மாவே ஒரு பழைய மூடியை எடுத்து வந்து வைப்பார், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று. நான் சொன்னால் "வாய் நீளம்". இந்தப் பதிவையும் பெரியப்பா படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். மொட்டை மாடி சும்மாதான் கிடக்கிறது பெரியப்பா, ஏறிப் போய் நிம்மதியாகக் குடித்துவிட்டு வாங்க. அம்மாவால்தான் அந்தப் படி ஏற முடியாது, உங்களால் முடியும்.