பத்தடி தூரத்துப் படம்

கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தைப் பத்தடி தள்ளி இருக்கும் டிவியில் பார்க்க இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். கம்ப்யூட்டர் படங்களை வைஃபை வழியே டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வர் நேற்றுவரை ஒழுங்காகத் தெரிந்தது; கம்ப்யூட்டர் அப்டேட் முடிந்ததும் டிவியின் பட்டியலிலேயே இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ம்ஹூம். கடைசியில் பார்த்தால், கம்ப்யூட்டர் செட்டிங்கில் வீட்டு வைஃபை 'பப்ளிக்', அதாவது பொது இடம் என்று மாறிக் கிடக்கிறது! அதனால் கம்ப்யூட்டரின் காவல்காரனான ஃபயர்வாலும் கதவைச் சாத்திவிட்டது. என் வீட்டு ஹால் என்ன பஸ் ஸ்டாண்டா? சரி, 'பிரைவேட்' ஆக்கினேன். சர்வர் தெரிந்தது, படமும் ஓடியது. ஆனால் சத்தம் இல்லை. படத்தில் இருந்த டிடிஎஸ் என்ற ஆடியோ வகை இந்த டிவிக்கு ஆகாதாம். அதற்குள் வீட்டில் எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் சப்டைட்டிலைப் படித்தபடி ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.