லிமாவுக்குப் போய் சைனீஸ் சாப்பிட்டேன், அதற்கென்ன இப்போது?

"இவ்வளவு தூரம் வந்து சைனீஸா?"

பெருவின் தலைநகரான லிமாவில் என்னோடு வந்த நண்பர் கேட்டார். கேட்ட தோரணையைப் பார்த்தால் நான் ஏதோ கொலைக்குற்றம் செய்துவிட்ட மாதிரி இருந்தது. நாள் முழுக்க நடந்து கால் ஓய்ந்துபோய், நகரின் மத்தியச் சந்தைக்குப் பக்கத்தில் காபோன் தெருவில் நின்றுகொண்டிருந்தோம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, சாம்பல் பூசிய மாதிரி ஒரு வானம். குளிர்காலத்தில் அந்த ஊர் அப்படித்தான். எதிரே ஆறே மேசை போட்ட ஒரு சின்னக் கடை, வாசலில் 'சிஃபா' என்று சிவப்புப் பலகை. பெருவில் சீன உணவகத்துக்குப் பெயரே சிஃபாதான், 'சோறு சாப்பிடு' என்ற சீனச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அவர் முணுமுணுக்க முணுமுணுக்க உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

மெனு முழுக்க ஸ்பானிஷ். பக்கத்து மேசையைக் கையால் காட்டி "அது" என்றேன், வெளியூரில் நான் நம்பும் ஒரே மொழி அதுதான். வந்தது சௌஃபா, அதாவது ஃப்ரைடு ரைஸ். முட்டை, வெங்காயத்தாள், கோழி, அப்புறம் கொழுந்துவிட்டு எரியும் தீயில் புரட்டிய சோற்றுக்கே வரும் அந்தப் புகைவாசனை. ஒரு தட்டு இரண்டு பேருக்குத் தாராளம், தெரியாமல் ஆளுக்கொன்று சொல்லித் திணறினோம். இன்னொரு மேசையில் சோறும் நூடுல்ஸும் ஒரே தட்டில் கலந்து கிடந்தன. அதற்குப் பெயர் விமான நிலையம்! எல்லாமே அதில் வந்து இறங்குவதால் அந்தப் பெயராம். எல்லாம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். வொன்டன் என்கிற வறுத்த சீனக் கொழுக்கட்டை மேல் ஊற்றிய குழம்பில் சர்க்கரை தூக்கல், அந்த ஊர் மஞ்சள் நிற சோடாவான இன்கா கோலாவோ பபிள்கம்மைக் கரைத்துக் குடித்த மாதிரி. ஆனால் சுற்றியிருந்த எல்லா மேசையிலும் அதுதான் இருந்தது.

நண்பர் விடவில்லை. "இது ஒரிஜினல் சைனீஸும் இல்லை, பெரு சாப்பாடும் இல்லை" என்றார்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த 'ஒரிஜினல்' என்ற வார்த்தையைக் கேட்டால்தான். சூப்பில் இன்னும் கொஞ்சம் இஞ்சி வேண்டும் என்று போனில் மொழிபெயர்த்து 'ஹென்ஹிப்ரே' என்று காட்டினேன். கடைக்காரர் சிரித்துவிட்டு "கியோன்" என்றார். பெருவில் இஞ்சிக்கு அதுதான் பெயர், சோயா சாஸுக்குப் பெயர் சியாவ். இரண்டுமே தென்சீனத்தில் பேசுகிற கான்டனீஸ் மொழியிலிருந்து வந்த சொற்கள், சீனக் கடையில் மட்டுமல்ல, அந்த நாட்டு வீட்டுச் சமையலறைகளிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இஞ்சிக்கே சீனப் பெயர் வைத்துப் புழங்குகிற நாட்டில் அந்தச் சாப்பாட்டை எந்தக் கணக்கில் வெளியூர்ச் சாப்பாடு என்பது?

அது சும்மா வந்து ஒட்டிக்கொண்ட பெயரும் இல்லை. 1849 முதல் 1874 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் சீனர்களை, பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டாங் பக்கத்து ஆண்களை, எட்டு வருட ஒப்பந்தத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். கரும்புத் தோட்டம், பருத்தி, ரயில் பாதை, எல்லாவற்றையும்விடக் கொடுமையாகத் தீவுகளில் பறவை எச்சத்தை உரத்துக்காக வெட்டி எடுக்கும் வேலை. நாற்றத்திலும் தூசியிலும் செத்தவர்கள் ஏராளம். 1854இல் அடிமைமுறையை ஒழித்த நாடுதான், அந்த வேலைக்கு ஆள் வேண்டுமே! ஒப்பந்தம் முடிந்து உயிரோடு மிஞ்சியவர்களில் பலர் லிமாவுக்கு வந்து இந்தச் சந்தையைச் சுற்றிச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டார்கள். ஊரில் கிடைத்த மிளகாய், ஊரில் கிடைத்த இறைச்சி, கையில் ஒரு வாணலி. அதில் போய் ஒரிஜினலைத் தேடினால் எங்கே கிடைக்கும்? அமெரிக்க சீனக் கடைகளில் பில்லோடு வருகிற அதிர்ஷ்ட பிஸ்கட்டின் வேர்கூட ஜப்பானில்தான் இருக்கிறது.

நண்பர் கடைக்காரரிடம் "நீங்கள் சீனாவில் எந்த ஊர்?" என்று வேறு கேட்டுவைத்தார். "லிமா" என்றார் மனிதர், அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டே. பெருவில் பிறந்த சீன வம்சாவளியினரை துசான் என்பார்கள், இவரும் அப்படித்தான். சீனமொழி பேச வராதாம்.

மறுநாள் கடற்கரையோரம் ஒரு பெரிய உணவகத்துக்கு நண்பர் என்னை அழைத்துப் போனார். "இன்றைக்காவது அசல் பெரு சாப்பாடு சாப்பிடு" என்று லோமோ சால்தாதோ சொன்னார். மாட்டிறைச்சியை வெங்காயம், தக்காளி, மிளகாயோடு வாணலியில் பெருந்தீயில் புரட்டி, சோயா சாஸ் விட்டு, பொரித்த உருளைக்கிழங்கும் சோறும் சேர்த்துத் தருகிறார்கள். நாடே கொண்டாடுகிற பண்டம், அருமையாகவும் இருந்தது. அந்த வாணலியும் சாஸும் எங்கிருந்து வந்தன என்று நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. சாப்பிடுகிறவரைக் கெடுப்பானேன்!

அன்று இரவே தட்டைப் படம் எடுத்து 'பெருவின் மண்வாசனை' என்று பதிவு போட்டிருந்தார். கீழே "சியாவ் எப்படி இருந்தது?" என்று ஒரு கமெண்ட் போட்டேன். இன்னும் பதில் வரவில்லை.