பிள்ளையின் எடைக்கு முன்னால் தாயின் எடை

புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினரும், தமிழ்நாட்டில் 40 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. இதை மூட்டுவலி, சர்க்கரை என்ற அளவில் பேசி முடித்துவிடுகிறோம். அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளின் உடலையும் அது தொடும் என்பதை ஏனோ பேசுவதில்லை.

தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே சிசுவுக்குச் செல்லும். அவளுடைய இன்சுலின் செல்லாது. எடை கூடிய உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமல் சர்க்கரை உயரும்போது, அதைச் சமாளிக்கச் சிசுவின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரந்து, மிகுதியைக் கொழுப்பாகச் சேர்த்துவைக்கிறது. டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950களிலேயே விளக்கியது இது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். இன்சுலின் சுரப்போ உடனே அடங்காது. அதனால்தான், பேரன் நான்கு கிலோ என்று வார்டு வாசலில் பாட்டி பூரித்து நிற்கும் அதே நேரத்தில், உள்ளே செவிலியர் அவன் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தமெடுத்துச் சர்க்கரை இறங்குகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறார். இப்படிப் பிறப்பவர்களுக்குப் பிற்காலத்தில் உடற்பருமனும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பு கூடுதல்.

மெலிந்த தாயின் கதை வேறு. புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்தபோது, அங்கு மெலிந்த தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் மிகக் குறைவாக இருந்தும், தோலடிக் கொழுப்பில் அவ்வளவு குறையவில்லை, குறைந்தது தசைதான். ஆகவே, பிள்ளை நோஞ்சானாக இருக்கிறதென்று சர்க்கரையும் பிஸ்கட்டும் திணித்துத் தேற்றுவது சரியான வைத்தியமாகாது.

இவ்வளவு வேறுபாடு இருந்தும், ஏழாம் மாத வளைகாப்பில் எல்லாப் பெண்ணுக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு உசுருக்குச் சேர்த்துச் சாப்பிடும்மா." கர்ப்ப காலத்தில் மெலிந்தவர் 12.5 முதல் 18 கிலோ வரையும், உடற்பருமன் உள்ளவர் 5 முதல் 9 கிலோ வரையும் கூடினால் போதும் என்பது 2009இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த அளவு. (அதற்காகக் கர்ப்பிணியைப் பட்டினி போட்டு இளைக்கவைப்பதும் ஆபத்துதான்.) கருத்தரிக்கும்போது தாய்க்கு இருக்கும் எடையே பிள்ளையின் உடலைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதால், ஏழாம் மாதத்து அறிவுரை தாமதமானது. வீட்டில் மீந்ததை வீணாக்கக் கூடாதென்று தானே தின்று தீர்க்கும் பெண்ணை, எடை கூடிவிட்டதென்று குற்றம் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை.

நான் கேட்பது சிறிய ஏற்பாடு. ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிவருபவள், அநேகமாக அடுத்த பிள்ளைக்கும் தாயாகப் போகிறவள். கடலூரின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிள்ளையைத் தராசில் வைக்கும் அதே நாளில் அவளையும் எடை பார்த்து, அந்த எண்ணைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி, கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால் மறுபரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும்.